மிளகாய், மின்பொறி, அலறல்: கைப்பைக்குள் எதை வைப்பது?

வரமிளகாயை எண்ணெயில் போட்டுக் கொஞ்சம் கருகவிட்டால் போதும். அடுப்பருகே நிற்பவர் மட்டுமல்ல, கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் மாடிப்படி ஏறி வருகிற பக்கத்து வீட்டுக்காரரும் இருமத் தொடங்கிவிடுவார்கள். பச்சைமிளகாய் அரிந்த விரலை மறந்துபோய்க் கண்ணில் வைத்தவருக்கு அடுத்த அரை மணி நேரம் வேறு எதுவும் ஓடாது. ஆனால் அந்த நேரத்தில் விரலில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் வெப்பம் ஏறியிருக்காது. தோல் வெந்திருக்காது, கொப்புளமும் இருக்காது. சூடே படாத இடத்தில் உடம்பு ஏன் எரிகிறது என்கிறது?

இந்தக் கேள்விக்கான விடை தெரிந்தால், தற்காப்புக்குக் கைப்பையில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று யோசிப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது. இரவுப் பணி முடிந்து திரும்பும் செவிலியர், கடைசிப் பேருந்தில் இறங்கி ஊருக்குள் தனியே நடக்கும் மாணவி, வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய் வேலை செய்யும் பெண் எனப் பலரும் இன்று இதைத் தேடுகிறார்கள். உயிருக்கு உலை வைக்காத, பிறர் கண்ணுக்கு உறுத்தாத சிறு கருவி வேண்டும் என்பது அவர்கள் தேவை. இணையக் கடைகளில் மூன்று வகை கிடைக்கின்றன: பெப்பர் ஸ்ப்ரே, கையடக்க ஷாக் கருவி, அலாரம். மூன்றின் பெட்டியிலும் கண்ணைப் பறிக்கிற ஓர் எண் இருக்கும். 20 லட்சம் ஸ்கோவில், 1 கோடி வோல்ட், 140 டெசிபல். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொரு கேள்வி கேட்க வேண்டும் என்பேன். இது எதிராளியின் உடம்பில் எதைப் போய்த் தொடுகிறது? அவர் பல்லைக் கடித்துக்கொண்டாலும் அடக்க முடியாத ஒன்றையா, அல்லது பொறுத்துக்கொள்ளக்கூடிய வெறும் வலியையா?

மிளகாயிலிருந்து தொடங்குவோம். அதன் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்ற வேதிப்பொருளை 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். அது உடம்பில் எதைத் தொடுகிறது என்று உறுதியாகத் தெரிய 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸும் அவரது ஆய்வகத்தில் இருந்த மைக்கேல் கேட்டரினாவும் செய்த அந்தச் சோதனை பொறுமைக்கு ஓர் இலக்கணம்.

எலியின் வலி உணரும் நரம்பணுக்களில் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றனவோ அவற்றின் பிரதிகளை எல்லாம் அவர்கள் திரட்டினார்கள். அவற்றில் ஏதோ ஒன்றுதான் கேப்சைசினை அடையாளம் காணும் புரதத்தைச் செய்கிறது என்பது ஊகம். அது எது என்று தெரியாது. எனவே, காரம் என்றால் என்னவென்றே அறியாத, சிறுநீரகத்திலிருந்து வளர்த்தெடுத்த செல்களை எடுத்துக்கொண்டு, பிரதிகளைத் தொகுதி தொகுதியாக அவற்றுக்குள் செலுத்தினார்கள். செல்லுக்குள் கால்சியம் புகுந்தால் ஒளிரும் சாயத்தையும் ஏற்றிவைத்தார்கள். பிறகு கேப்சைசினைச் சேர்த்துவிட்டு நுண்ணோக்கியில் காத்திருந்தார்கள். ஒரு தொகுதியில் சில செல்கள் ஒளிர்ந்தன. அந்தத் தொகுதியைப் பிரித்து மறுபடி சோதித்து, அதையும் பிரித்து, கடைசியில் ஒரே ஒரு மரபணுவில் வந்து நின்றார்கள். அந்த மரபணு செய்யும் புரதத்தின் இன்றைய பெயர் டிஆர்பிவி1. நரம்பு முனையின் சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பி அது. அதன் நடுவே ஒரு நுண்துளை இருக்கிறது. உரிய தூண்டல் வந்தால் திறந்து கால்சியம் முதலிய அயனிகளை உள்ளே விடும். இதை அயனி வாயில் என்று சொல்லலாம்.

அதோடு விட்டுவிடாமல் அந்தச் செல்களைச் சூடாக்கியும் பார்த்தார்கள். ஏறத்தாழ 43 பாகை செல்சியஸைத் தாண்டியதும், கேப்சைசின் இல்லாமலே அதே வாயில் திறந்தது. தோல் பொசுங்கத் தொடங்கும் வெப்பத்தை அறிவிக்கத்தான் உடம்பு அதை வைத்திருக்கிறது. மிளகாய் வேறு வழியில் வந்து அதையே திறந்துவிடுகிறது. வாசல் மணி அடித்தால், அழுத்தியது விருந்தாளியா தெருவில் விளையாடும் பையனா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது, மூளைக்கும் அப்படித்தான். வருகிற செய்தி ஒன்றே: எரிகிறது. 2021-இல் ஜூலியஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொடு உணர்வை ஆராய்ந்த ஆர்டெம் படபூட்டியனும் அதைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த முடிவை எப்படி நம்புவது? இரண்டு சான்றுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. டிஆர்பிவி1 இல்லாதபடி மரபணு நீக்கிய சுண்டெலிகள், மற்ற எலிகள் ஒதுக்கிவிடும் கேப்சைசின் கலந்த தண்ணீரைச் சாதாரணமாகக் குடித்தன. பறவைகளுக்கு இந்த ஏற்பி உண்டு, ஆனால் அதன் அமைப்பு கொஞ்சம் வேறு; சூடு தெரியும், காரம் தெரியாது. கோழிகளை வைத்து 2002-இல் இதைக் காட்டினார்கள். கிளி மிளகாய்ப்பழத்தை ரசித்துத் தின்பதற்கும் இதுதான் காரணம்.

இனி கண்ணுக்கு வருவோம், ஏனென்றால் பெப்பர் ஸ்ப்ரே குறிவைப்பது கண்ணைத்தான். உள்ளே இருப்பது மிளகாயிலிருந்து எடுத்த பிசினெண்ணெய். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போலிருக்கும் விழிவெண்படலத்தில், தோலில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு நெருக்கமாக நரம்பு முனைகள் உள்ளன. அங்கே கேப்சைசின் பட்டதும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, இமைகள் தாமாக இறுக மூடிக்கொள்கின்றன. தூசி விழுந்தால் மூடுகிற அதே அனிச்சைச் செயல்தான் இது. திறக்க நினைத்தாலும் முடியாது. மற்றொன்று, அந்த நரம்பு முனைகள் மூளைக்குச் செய்தி அனுப்புவதோடு நிற்காமல், சுற்றியுள்ள திசுவுக்குள் சில பொருள்களைக் கக்குகின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது, இமை வீங்குகிறது, மூக்கு ஒழுகுகிறது, மூச்சுக்குழல் இருமித் தள்ளுகிறது. நரம்புவழி அழற்சி என்று இதைச் சொல்வார்கள். ஆக, குடிபோதையில் வலி மரத்துப்போனவருக்கும் கண் மூடத்தான் செய்யும். வெறும் வலியை மட்டும் நம்பும் கருவிகளிலிருந்து பெப்பர் ஸ்ப்ரே விலகி நிற்பது இந்த இடத்தில்தான்.

களத்தில் இது எவ்வளவு பலிக்கிறது என்பதற்கு நல்ல சான்று கரடிகளிடமிருந்து கிடைத்தது. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை கரடி விரட்டும் ஸ்ப்ரே பயன்படுத்தப்பட்ட 83 நிகழ்வுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். பழுப்புக் கரடிகளிடம் பயன்படுத்தியதில் 92 சதவீத நிகழ்வுகளில் கரடி தன் போக்கை நிறுத்தியது. ஸ்ப்ரே கையில் வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமில்லை. அந்தக் குப்பிகள் பெரியவை, பல மீட்டர் பாய்பவை என்பதை மறக்கக் கூடாது. சாவிக்கொத்தில் தொங்கும் சிறு குப்பியிடம் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. மனிதர்களிலும் கண்ணை மூடிக்கொண்டே பாய்ந்து பிடிப்பவர்கள் உண்டு. அதனால் அடித்த கையோடு பக்கவாட்டில் நகர்ந்து ஓடுவதும் இந்தக் கருவியின் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும்.

அடைத்த அறையில் அடித்தால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்திருக்கிறது. 2014 பிப்ரவரி 13 அன்று, தெலங்கானா மசோதா வந்தபோது மக்களவைக்குள் ஓர் உறுப்பினர் பெப்பர் ஸ்ப்ரேயைப் பீய்ச்சினார். கட்சி பேதமில்லாமல் எல்லாரும் இருமினார்கள், அவை ஒத்திவைக்கப்பட்டது, சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவு பெரிய மண்டபத்திலேயே இப்படி என்றால், லிஃப்ட்டிலும் ஆட்டோவிலும் காருக்குள்ளும் அடிப்பவரும் தப்ப மாட்டார். ஆஸ்துமா உள்ளவருக்கு இது விளையாட்டல்ல, மூச்சுக்குழல் சுருங்கிவிடும். உயிரைக் குடிக்காத கருவி என்று எழுதியிருந்தாலும், உயிராபத்து குறைந்த கருவி என்று படிப்பதே சரி.

அடுத்தது பெட்டி மேலுள்ள எண். வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் 1912-இல் காரத்தை அளக்க ஒரு வழி சொன்னார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே போய், எத்தனை மடங்கு நீர்த்தபின் சுவைப்பவர்களுக்குக் காரம் தெரியாமல் போகிறது என்பதை எண்ணாக்குவது. இன்று நாக்குக்குப் பதில் நிறப்பிரிகைக் கருவி அளக்கிறது; தூய கேப்சைசின் ஏறத்தாழ 1.6 கோடி ஸ்கோவில். சிக்கல் என்னவென்றால், பெட்டியில் போடும் 20 லட்சம் பெரும்பாலும் குப்பிக்குள் கரைப்பதற்கு முன்பிருந்த பிசினெண்ணெயின் காரம். உங்கள் கையிலிருந்து பாயும் கரைசலின் காரம் அல்ல. "15 சதவீதம் மிளகாய்ச் சாறு" என்பதும் அதே கதை. மட்டமான சாறு 15 சதவீதம் இருப்பதைவிட வீரியமான சாறு 5 சதவீதம் கடுமையாக இருக்கலாம். பார்க்க வேண்டியது, கரைசலில் கேப்சைசின் வகைப் பொருள்கள் மொத்தம் எத்தனை சதவீதம் என்பது. அமெரிக்காவில் கரடி ஸ்ப்ரேக்கு அது 1 முதல் 2 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்று விதி. மனிதர்களுக்கான குப்பிகளில் பொதுவாக அதைவிடக் குறைவு. அந்த விவரத்தை அச்சிடாத குப்பியை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

குப்பி எப்படிப் பீய்ச்சுகிறது என்பதற்குக் காரத்தைவிட அதிக மதிப்பெண் கொடுக்கலாம். பனிமூட்டம் போலப் பரவும் வகைக்குக் குறி தேவையில்லை, ஆனால் காற்று திசைமாறினால் உங்கள் முகத்துக்கே திரும்பும். தாரையாகப் பாயும் வகை காற்றை ஓரளவு கிழித்துக்கொண்டு இரண்டு மூன்று மீட்டர் போகும், குறி வேண்டும். கூழ் வகை இன்னும் குறைவாகச் சிதறும், பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பாதிப்பு குறைவு. அது முகத்தில் பட்டே ஆக வேண்டும். தெருவில் நடப்பவருக்குத் தாரை பொருத்தம் என்பது என் முடிவு. லிப்ஸ்டிக் போலவும் பேனா போலவும் செய்த குப்பிகள் மறைத்துவைக்க வசதியானவைதான். ஆனால் அவற்றில் மருந்து கொஞ்சம், பாயும் தூரமும் குறைவு. நடுங்குகிற விரலுக்கு எந்தப் பக்கம் வாய் என்று இருட்டில் தெரியாது. வீட்டில் குழந்தை இருந்தால் லிப்ஸ்டிக் வடிவம் வேண்டவே வேண்டாம். கட்டைவிரல் வைக்கும் இடத்தில் தடவினாலே தெரிகிற மேடு இருக்க வேண்டும். மூடியைக் கட்டைவிரலாலேயே ஒதுக்கி அப்படியே அழுத்த முடிய வேண்டும். இருக்கும் இடமும் முக்கியம். டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் அடியில் கிடக்கிற குப்பி, கடையிலேயே இருக்கிற குப்பிக்குச் சமம்.

குப்பிக்குள் கேப்சைசின் எளிதில் கெடாது, அழுத்தம்தான் குறைந்துபோகும். உந்து வாயு வால்வு வழியே மெல்லக் கசிகிறது. அதனால்தான் காலாவதித் தேதி. வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியிலோ கார் டாஷ்போர்டிலோ வைத்தால் கசிவு கூடும். 50 பாகைக்கு மேல் வைக்காதே என்று குப்பியிலேயே எழுதியிருப்பார்கள்.

தப்பித்தவறி உங்கள் மேலேயே பட்டுவிட்டால்? பால் ஊற்று, தயிர் தடவு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வாயில் காரம் பட்டால் பால் உதவுவது உண்மை; கேப்சைசின் தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது, கொழுப்பில் கரையும். ஆனால் முகத்தில்? அமெரிக்காவில் 49 தன்னார்வலர்களை வைத்துச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். தண்ணீர், பால், குழந்தை ஷாம்பு, மரத்துப்போகச் செய்யும் களிம்பு, வயிற்றெரிச்சலுக்கான அமிலமுறி மருந்து ஆகிய ஐந்தையும் ஒப்பிட்டதில், எதுவும் மற்றதைவிடச் சிறந்ததாக இல்லை. வலியைக் குறைத்தது நேரம்தான். தேய்க்காமல், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிட்டு, ஓடும் குளிர்ந்த தண்ணீரில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருப்பது நல்லது. வெந்நீர் கூடாது. கேப்சைசின் பட்ட ஏற்பி சாதாரண உடல் வெப்பத்துக்கே கத்திக்கொண்டிருக்கும். வெந்நீர் அதை இன்னும் கிளறிவிடும்.

ஷாக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவற்றின் எண்ணை நீங்களே சோதிக்கலாம். உலர்ந்த காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்ட ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும். முனைகள் கூராக இருந்தால் அதைவிடக் குறைவே போதும். கருவியின் இரு முனைகளுக்கு நடுவே பொறி பாய்கிற இடைவெளி 3 சென்டிமீட்டர் என்றால், மின்னழுத்தம் அதிகபட்சம் 90,000 வோல்ட். 1 கோடி வோல்ட் உண்மையாக இருந்தால் பொறி மூன்று மீட்டருக்கு மேல் பாய வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. இரு முனைகளும் அருகருகே இருப்பதால் மின்சாரம் தோலுக்கடியில் அந்தச் சிறு இடத்தைத்தான் கடக்கிறது, வலிக்கும், அவ்வளவே. காவல்துறைகள் வைத்திருக்கும் டேசர் வேறு இனம். ஜாக் கவர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1970-களில் உருவாக்கியது. கம்பியோடு இணைந்த இரண்டு ஊசிகளை எய்யும். அவை உடம்பில் ஓரடி இடைவெளியில் குத்தினால், இடையிலுள்ள பெரிய தசைகள் எல்லாம் வினாடிக்கு இருபது தடவை போலக் கட்டளை பெற்று விறைத்துப்போகும். ஆள் மனத்திடத்தால் அதை வெல்ல முடியாது. கையடக்க ஷாக் கருவி அதன் தம்பியல்ல. அதைப் பயன்படுத்த எதிராளியைத் தொடும் தூரத்தில் நிற்க வேண்டும், சில வினாடிகள் அழுத்திப் பிடிக்கவும் வேண்டும். தன்னைவிடப் பலசாலியிடமிருந்து தப்ப நினைப்பவருக்கு அந்தத் தூரமே ஆபத்து. இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவதான அலாரத்தைப் பலரும் பொம்மை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் மரியாதை உண்டு. அது எதிராளியின் உடம்பைவிடச் சுற்றியிருப்பவர்களின் உடம்பைத் தொடுகிறது. நம் காதுக் குழல் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அந்த நீளம் வினாடிக்கு 3,000 அதிர்வுகளை ஒட்டிய ஒலியைப் பெருக்கித் தரும். நல்ல அலாரங்கள் இந்தச் சுருதியை ஒட்டியே கத்துகின்றன. அதோடு, 2015-இல் வெளியான ஓர் ஆய்வு மனிதர்களின் அலறலைப் பிரித்துப் பார்த்தது. சாதாரணப் பேச்சில் ஒலியின் உரப்பு வினாடிக்குச் சில தடவைதான் ஏறி இறங்கும். அலறலில் 30 முதல் 150 தடவை வரை படபடக்கிறது. இந்தச் சொரசொரப்பு மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவைத் தட்டி எழுப்புகிறது. மனிதர்கள் செய்த அபாயச் சங்குகளிலும் அதே சொரசொரப்பு இருந்தது. ஒரே சுருதியில் நீட்டி ஒலிப்பதைவிட, படபடத்து ஏறி இறங்கும் அலாரமே நல்லது.

இங்கும் எண்ணைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். எத்தனை தூரத்தில் அளந்த டெசிபல்? திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். பத்து மடங்கானால் 20 குறையும். 10 சென்டிமீட்டரில் 130 என்றால் ஒரு மீட்டரில் 110, பத்து மீட்டரில் 90. போக்குவரத்து மிகுந்த சாலையில் இது அவ்வளவு தூரம் எடுபடாது. அமைதியான தெருவில் நாலைந்து வீடுகளைத் தாண்டிக் கேட்கும்.

சத்தம் கேட்டு யார் வரப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு தரவு. லங்காஸ்டர், ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன் ஆகிய மூன்று நகரங்களில் கண்காணிப்பு கேமராவில் பதிவான 219 பொதுவிடத் தகராறுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பதில், பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவராவது தலையிட்டார். ஆள் கூடக்கூட உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியது. யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்ற நம் அவநம்பிக்கை அந்தப் பதிவுகளோடு ஒத்துப்போகவில்லை. ஆளே இல்லாத இடத்தில் அலாரம் பயனில்லை என்பதும் அதே தரவின் மறுபக்கம்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டே கையில் எடுக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது அதற்குள்ளேயே இருக்கிற வரம்பு. வாய்த்தகராறில் அடித்தால் அது தற்காப்பாகாது. 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றம், ஒரு தகராறில் பெப்பர் ஸ்ப்ரே பயன்படுத்தியது தொடர்பான வழக்கை ரத்து செய்ய மறுத்து, அதை ஆபத்தான ஆயுதமாகப் பார்க்கலாம் என்றது. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கிருந்து வாங்கி அனுப்புகிற பெற்றோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரிட்டனில் பெப்பர் ஸ்ப்ரே வைத்திருப்பதே துப்பாக்கிச் சட்டத்தின்படி குற்றம். கனடாவிலும் மனிதர்மீது பயன்படுத்துவதற்கான ஸ்ப்ரேக்குத் தடை உண்டு. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. அலாரத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

என்னைக் கேட்டால், பையின் தோள்பட்டையில் இழுத்தால் கத்துகிற அலாரம் ஒன்று; இருட்டில் நடக்கும்போது கையிலேயே தாரை வகைக் குப்பி ஒன்று. இரண்டும் சேர்ந்து தருவது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் வெளிச்சமும் ஆளும் இருக்கிற பக்கம் ஓட வேண்டும். காலாவதியான குப்பியைத் தூக்கிப் போடுவதற்கு முன், ஆளில்லாத திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்போது ஒரு மரத்தில் மாட்டிய காகிதத்தைப் பார்த்து அரை நொடி அழுத்திப் பாருங்கள். தாரை எவ்வளவு தூரம் போகிறது, எங்கே வளைந்து விழுகிறது, கட்டைவிரல் மூடியை ஒதுக்க எத்தனை நேரம் எடுக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; கழுவும்வரை கண்ணருகே கொண்டுபோக வேண்டாம்.